போர்க்களமும் ஆய்வுக்கூடமும்

குருக்ஷேத்திரத்தில் போர் தொடங்குவதற்கு முன் தருமபுத்திரர் செய்த ஒரு செயல் இரு படைகளையும் திகைக்க வைத்தது. அவர் ஆயுதங்களைக் கீழே வைத்தார், கவசத்தைக் கழற்றினார், கூப்பிய கைகளுடன் எதிரிப் படைக்குள் நடந்தார். பீஷ்மர், துரோணர், கிருபர் ஆகியோரை வணங்கிப் போர்புரிய அனுமதியும் ஆசியும் வேண்டினார். அவர்கள் மகிழ்ந்து ஆசி வழங்கினார்கள். கூடவே, தாங்கள் கௌரவர்களின் பொருளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்கள். தர்மம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அறிந்த ஆசான்களே எதிர்ப்பக்கம் நின்று அம்பு தொடுத்தனர். தருமர் குருபக்தியையும் கைவிடவில்லை, போரையும் கைவிடவில்லை.

அறிஞன் உண்ணும் சோறு அரசனுடையது. அவன் தேடும் உண்மையோ எந்த அரசனுக்கும் உரியதன்று. இந்த முரண்பாடு அண்மைக் காலத்தில் மீண்டும் கூர்மையாக எழுந்த இடம் ஜெனீவா. இரண்டாம் உலகப்போரின் அழிவிலிருந்து மீண்டுகொண்டிருந்த 12 ஐரோப்பிய நாடுகள் 1954-இல் அங்கு ‘செர்ன்’ என்னும் அணுக்கரு ஆய்வு மையத்தை நிறுவின. ராணுவத் தேவைக்கான பணி எதுவும் அங்கு நடைபெறாது, முடிவுகள் அனைத்தும் வெளியிடப்படும் என்பவை அதன் அடிப்படை விதிகள். பனிப்போர்க் காலத்திலும் சோவியத் விஞ்ஞானிகள் அங்கு பணிபுரிந்தனர். 2012-இல் ஹிக்ஸ் துகளைக் கண்டறிந்த இரு பெரும் கருவிகளுள் ஒன்றான சி.எம்.எஸ். கருவியில் அமைந்துள்ள பித்தளை, ரஷ்யக் கடற்படையின் பழைய பீரங்கிக் குண்டு உறைகளை உருக்கி எடுத்தது. அவ்வாறு உருக்கப்பட்ட உறைகள் பத்து லட்சத்துக்கும் மேல். அந்த மைய வளாகத்தில் 2004 முதல் இந்தியா அளித்த நடராஜர் சிலையும் நிற்கிறது.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. மார்ச் மாதமே செர்ன் மன்றம் ரஷ்யாவின் பார்வையாளர் தகுதியை நிறுத்தி வைத்தது. 2024 நவம்பர் 30 அன்று ஒத்துழைப்பு ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது. ரஷ்ய நிறுவனங்களைச் சார்ந்த சுமார் 500 விஞ்ஞானிகளை இது பாதித்தது. ஆனால் மாஸ்கோவுக்கு அருகே தூப்னாவில் உள்ள பன்னாட்டு ஆய்வு நிறுவனத்துடனான உறவு, உக்ரைனின் எதிர்ப்பையும் மீறித் தொடர்ந்தது. அந்த நிறுவனம் பல நாடுகளுக்குப் பொதுவானது என்ற விளக்கம் சட்டப்படி சரியாக இருக்கலாம். மனம் அவ்வளவு எளிதில் சமாதானம் அடைவதில்லை.

உக்ரைன் விஞ்ஞானியின் நிலையில் நின்று இதைப் பார்க்கவேண்டும். கார்கிவ் நகரின் புகழ்பெற்ற இயற்பியல் ஆய்வு நிறுவனம் 2022 மார்ச்சில் குண்டுவீச்சில் சேதமுற்றது. அதே மாதத்தில் ரஷ்யப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் தங்கள் அரசை ஆதரித்து அறிக்கை வெளியிட்டனர். தன் ஆய்வுக்கூடத்தைத் தகர்த்த அரசின் பிரதிநிதியுடன் ஒரே மேசையில் அமர்ந்து, அறிவுக்கு எல்லையில்லை என்று கேட்டுக்கொண்டிருக்க யாரால் முடியும்?

எனினும் படையெடுப்பு நிகழ்ந்த அன்றே, போரைக் கண்டித்து ரஷ்ய விஞ்ஞானிகள் வெளியிட்ட திறந்த மடலில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டனர். அங்கு அப்படிக் கையெழுத்திடுவது சிறிய துணிவன்று. உள்நாட்டில் அரசின் சினத்துக்கு ஆளாகி, வெளிநாட்டில் கதவும் அடைக்கப்பட்டால் அவர்கள் இருமுறை தண்டிக்கப்படுகிறார்கள்.

ஒத்துழையாமை என்பது பாரதம் ஆழ்ந்து சிந்தித்த பொருள். 1921-இல் காந்தியடிகளும் கவிஞர் தாகூரும் இதுபற்றி வெளிப்படையாகவே கருத்து வேறுபட்டனர். அரசுக் கல்விக்கூடங்களை விட்டு வெளியேறுமாறு மாணவர்களை அழைத்தார் காந்தியடிகள். அறிவின் வாயிலை அடைப்பது மனித ஒற்றுமைக்கே ஊறு என்று அஞ்சினார் தாகூர். அந்த ஆண்டின் இறுதியில்தான் விசுவபாரதி முறைப்படி தொடங்கப்பெற்றது. இருவரில் ஒருவர் முற்றிலும் சரி என்று தீர்ப்பளிப்பது கடினம். ஆனால் காந்தியடிகள் துறக்கச் சொன்னது ஆட்சி முறையை, ஆங்கிலேயரை அல்ல. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் வழி ஓரளவு துலங்கும். போர்க்கருவிக்கு நேரடியாக வலுச்சேர்க்கும் ஆய்வைத் தொடர்வதற்கு நியாயம் ஏதுமில்லை. அரசின் கொடிக்கும் கௌரவத்துக்கும் மேடை தருவதை நிறுத்துவதும் முறையே. தனி மனிதன் தன் பெயரில் எழுதும் கட்டுரையையும், ஒரு மாணவன் கேட்கும் ஐயத்தையும் அவனுடைய கடவுச்சீட்டைப் பார்த்து மறுப்பது வேறு வகையைச் சேர்ந்தது; அதில் குற்றமும் பிறப்பும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன.

இன்னொரு கேள்வியையும் தவிர்க்க முடியாது. 2003-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் ஒப்புதலின்றி ஈராக் மீது படையெடுத்தபோது, செர்ன் மையத்தில் அமெரிக்காவின் பார்வையாளர் தகுதி தொடர்ந்தது. பிரிட்டன் உறுப்பு நாடாகவே நீடித்தது. இரு போர்களும் எல்லா வகையிலும் ஒன்றல்ல. ஆயினும் வலியவனுக்கு ஒரு தராசும் மற்றவனுக்கு வேறொரு தராசும் என்றால், தண்டனை தன் தார்மிக பலத்தை இழந்துவிடும்.

கட்டுப்பாடு வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதுமில்லை. ரஷ்ய விண்கலத்தில் பொருத்தப்பட்டிருந்த ‘ஈரோசிட்டா’ என்ற ஜெர்மானியத் தொலைநோக்கி, போர் தொடங்கிய இரண்டாம் நாளே ஜெர்மானியத் தரப்பால் உறக்க நிலையில் வைக்கப்பட்டது. அதைத் தாங்களே இயக்கப்போவதாக ரஷ்ய விண்வெளி அமைப்பின் தலைவர் அறிவித்தார். ஜெர்மானியரின் இசைவின்றி அதைத் தொடுவது தகாது என்று எதிர்த்தவர்கள் ரஷ்ய வானியலாளர்களே. அரசின் சோற்றை உண்டவர்கள் சொன்ன சொல் அது.

இவ்விஷயத்தில் முந்தைய நூற்றாண்டின் அனுபவம் ஒன்று உண்டு. 1914 அக்டோபரில் ஜெர்மானிய அறிவாளர்கள் 93 பேர், பெல்ஜியத்தில் தங்கள் படை இழைத்த கொடுமைகளை மறுத்து அறிக்கை விடுத்தனர். மாக்ஸ் பிளாங்க் அதில் கையெழுத்திட்டார். ஃபிரிட்ஸ் ஹேபரும் கையெழுத்திட்டார். 1915 ஏப்ரலில் ஈப்ர போர்க்களத்தில் குளோரின் நச்சுவாயுவை ஏவும் பணியை முன்னின்று நடத்தியவர் அவரே. எதிர் அறிக்கைக்கு ஐன்ஸ்டைன் உட்பட நால்வரே கிடைத்தனர். போர் முடிந்து 1919-இல் அமைந்த பன்னாட்டு ஆராய்ச்சி மன்றம் ஜெர்மானியரை ஒட்டுமொத்தமாக விலக்கியது. கையெழுத்திட்டவர், மறுத்தவர் என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை. அதே ஆண்டில் ஆங்கிலேயரான எடிங்டன் சூரிய கிரகணத்தை ஆராய்ந்து, பெர்லினில் வாழ்ந்த ஐன்ஸ்டைனின் கோட்பாட்டை உறுதி செய்தார். ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டியும் இந்த விலக்கை எதிர்த்தவர்களுள் ஒருவர்.

1926-இல் தடை நீங்கியபோது ஜெர்மானியக் கழகங்கள் உள்ளே வர மறுத்துவிட்டன. 1928-இல் இத்தாலியின் பொலோனா நகரில் கணித மாநாடு கூடியபோது, அதைப் புறக்கணிக்குமாறு தம் நாட்டவரைத் தூண்டியவர் பீபர்பாக் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர். பின்னாளில் நாஜிக் கொள்கைக்குத் தொண்டு செய்தவர். 1914-இல் அறிக்கையில் கையெழுத்திட மறுத்த ஹில்பர்ட் அப்போது உடல்நலம் குன்றியிருந்தார். அவர் அந்த வேண்டுகோளைப் பொருட்படுத்தாமல் தம் நாட்டுக் குழுவைப் பொலோனாவுக்கு அழைத்துச் சென்றார். ஜெர்மானியர் அரங்கினுள் நுழைந்தபோது சற்று நேரம் அமைதி நிலவியது; பிறகு அவையினர் எழுந்து நின்று கைதட்டினர்.