உபாலிக்கு முதலில் கிடைத்த இடம்



பகவான் புத்தர் பரிநிருவாணம் எய்திய சில திங்களில் இராசகிருக நகரில் 500 அரகந்தர்கள் கூடினர். பெருமான் அருளியவை சிதையாமல் காக்கப்பட வேண்டும் என்பதே அக்கூட்டத்தின் நோக்கம். மகா காசியபர் தலைமை வகித்தார். சங்கத்தின் சட்டமாகிய வினயத்தை முதலில் ஓதி நிலைநிறுத்துவதென முடிவாயிற்று. அப்பொழுது சபை எவரை நோக்கிற்று? வேதியர் குலத்துதித்தோர் அங்கிருந்தனர். சாக்கிய குலத்தாரும் இருந்தனர். அவர்களையெல்லாம் விடுத்து உபாலி தேரரையே சபை நோக்கிற்று. உபாலி யார்? கபிலவத்துவில் சாக்கிய இளவரசர்க்கு முடி திருத்திய நாவிதர்.

ஒவ்வொரு விதியும் எவ்விடத்தில், எவரைக் குறித்து, எக்காரணம் பற்றி வகுக்கப்பட்டது என்று காசியபர் வினவ, உபாலி தேரர் ஒன்றும் பிழையாது விடையிறுத்தார். பிக்குகளுக்கென இன்று தேரவாத மரபு ஓதிவரும் 227 விதிகளும் அவர் நாவின் வழியாக வந்தவை என்றே பௌத்த உலகம் போற்றுகிறது. முடி திருத்தியவர் வாய்மொழியை அரச குலத்தாரும் வேதியரும் சட்டமென ஏற்றனர்.

இவ்வரலாற்றை நாம் பெருமையோடு பேசுகிறோம். ஆயினும் இதன் முற்பகுதியை ஊன்றி நோக்குவதில்லை. அனுருத்தர், பத்தியர், ஆனந்தர் முதலிய சாக்கிய இளைஞர் துறவு மேற்கொள்ளப் புறப்பட்டபோது, தம் அணிகலன்களைக் கழற்றி உபாலியிடம் தந்து திரும்பிப் போகச் சொன்னார்கள். உபாலி அவற்றை மரத்தில் மாட்டிவிட்டு அவர்களைப் பின்தொடர்ந்தார். பெருமான் திருமுன் சென்றதும் அவ்விளைஞர்கள் வேண்டிக்கொண்டது யாது? எங்கள் குலச்செருக்கு அடங்க வேண்டும். ஆதலின் உபாலிக்கு முதலில் துறவளியுங்கள். அவருக்கு நாங்கள் எழுந்து நின்று வணக்கஞ் செலுத்துவோம் என்பதே. பெருமானும் அவ்வாறே செய்தருளினார்.

அன்பர்களே, இங்கே காரியங்கள் நிகழ்ந்த வரிசையைக் கவனியுங்கள். உபாலி வினயத்தில் வல்லவரானபின் முதலிடம் பெற்றவரல்லர். இடம் முதலில் கிடைத்தது. வல்லமை அதன்பின் விளைந்தது. தகுதி எங்கே, தகுதி எங்கே என்று வாயிலிலேயே நின்று கேட்டிருந்தால் வினயதரர் உபாலியை உலகம் கண்டிராது.

இன்று நாட்டின் வினயத்தைப் பயிற்றும் இடங்கள் சட்டக் கல்லூரிகள். அங்கே எவர் பிள்ளைகள் அமர்கிறார்கள், எவ்வாறு அமர்த்தப்படுகிறார்கள் என்பதையே மைசூர் ராமாபுரத்து அன்பர்களோடும் பிறவூர் அன்பர்களோடும் இன்று சிந்திக்க விழைகிறோம். மருத்துவப் படிப்புக்கும் பொறியியற் படிப்புக்கும் நம்மவர் காட்டும் ஆவலில் பாதியேனும் சட்டப் படிப்புக்குக் காட்டுவதில்லை. ஆயினும் நிலத்தை இழந்தவனும், கூலி மறுக்கப்பட்டவனும், சாதியின் பேரால் அடிபட்டவனும் இறுதியில் ஏறவேண்டிய படி நீதிமன்றத்தின் படியே. அங்கே அவன் சொல்லைப் பொருளறிந்து எடுத்துரைப்பவர் எவர்? கேட்டுத் தீர்ப்பளிப்பவர் எவர்? 2018 முதல் 2025ஆம் ஆண்டின் தொடக்கம் வரை நியமிக்கப்பட்ட உயர்நீதிமன்ற நீதிபதிகள் 715 பேரில் பட்டியல் சாதியினர் 22 பேர், பழங்குடியினர் 16 பேர் என ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. விதையிடாத வயலில் கதிர் அறுக்க இயலுமா? சட்டக் கல்லூரியே நாற்றங்கால். அங்கே நாற்று இல்லையேல் நீதிபீடத்தில் விளைச்சல் இல்லை.

மைசூர் நாடு இவ்வகையில் முன்னோடியான நாடு. 1918ஆம் ஆண்டில் நால்வடி கிருஷ்ணராஜ உடையார், தலைமை நீதிபதி லெஸ்லி மில்லரின் தலைமையில் குழுவொன்றை அமைத்தார். அரசாங்க அலுவல்களில் ஒரே வகுப்பார் நிறைந்திருந்த நிலையை மாற்ற வழி கூறுவது அதன் பணி. இம்மண்ணிலிருந்தே 1962ஆம் ஆண்டில் பாலாஜி வழக்கும் உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. தொழிற்கல்லூரிகளில் 68 விழுக்காட்டு இடங்களை ஒதுக்கிய மைசூர் அரசின் ஆணையை நீதிமன்றம் தள்ளிற்று; ஒதுக்கீடு பொதுவாக 50 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும் என்ற கருத்தும் அத்தீர்ப்பிலேயே எழுந்தது. இடம் எவ்வளவு என்ற கணக்கை நீதிமன்றம் பேசுகிறது. இடம் பெற்றவனுக்கு என்ன நேர்கிறது என்பதைத் தம்மம் பேசுகிறது. இரண்டும் நமக்கு வேண்டும்.

முதலில் வாயிலைப் பார்ப்போம். பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளி 1988ஆம் ஆண்டில் வகுப்புத் தொடங்கியது. அதைப் பின்பற்றி நாடெங்கும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. அவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு 2008 முதல் பொது நுழைவுத் தேர்வு நடைபெறுகிறது. அத்தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே. வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் பேசி வளரும் நம் பிள்ளை, தன் அறிவைக் காட்டுமுன் மூன்றாவது மொழியின் மதிலைத் தாண்ட வேண்டியிருக்கிறது. பெரும் பொருள் கொடுத்துப் பயிற்சி நிலையங்களுக்குச் செல்லும் பிள்ளையோடு அது போட்டியிட வேண்டும். இவ்விடரை உணர்ந்தே சம்நாத் பஷீர் என்னும் சட்டப் பேராசிரியர் 2010ஆம் ஆண்டில் இடியா என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். சிற்றூர்ப் பள்ளிகளில் மாணவரைக் கண்டெடுத்துப் பயிற்றுவித்துச் சட்டப் பள்ளிகளிற் சேர்ப்பது அதன் பணி. அப்பெரியார் 2019இல் மறைந்தார். அவர் தொடங்கிய பணி மறையவில்லை.

மொழியைப் பற்றிப் பெருமானின் நெறி யாது? வேதியர் குலத்துப் பிக்குகள் இருவர், புத்த வசனத்தைச் செம்மையான சந்தத்தில் அமைத்துவிட்டால் பலரும் பலவாறு சிதைக்க மாட்டார்கள் என்று விண்ணப்பித்தனர். பெருமான் அதனை மறுத்தார். அவரவர் மொழியிலேயே கற்க அனுமதித்தார். உயர்நீதிமன்றத்துக்கும் உச்சநீதிமன்றத்துக்கும் ஆங்கிலமே மொழியென அரசியற் சட்டம் வகுத்திருக்கும் வரை, நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறுவது அவசியமே. அதற்காக, ஆங்கிலம் தடுமாறுபவனை அறிவற்றவன் என்று எள்ளுவது எந்த நெறி? அந்தத் தடுமாற்றத்தைத் தீர்ப்பது கல்லூரியின் கடமை.

இனி உள்ளே நுழைந்தபின் நேர்வதைப் பார்ப்போம். போதிசத்துவர் அம்பேத்கர் கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பி, 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். பேராசிரியர்க்கென வைத்திருந்த தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்கு உடனாசிரியர் சிலர் மறுப்புக் கூறினர். அத்தகையவரே 1935ஆம் ஆண்டில் பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியின் முதல்வராக வீற்றிருந்தார். சென்னையில் நம் பெரியார் என். சிவராஜ் சட்டக் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்து பல்லாண்டு சட்டம் பயிற்றினார். தாழ்த்தப்பட்டவன் சட்டம் கற்க மட்டுமன்றிக் கற்பிக்கவும் வல்லவன் என்பதை இவ்விருவரும் நிலைநாட்டினர்.

கடல் கடந்த நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஹீமன் ஸ்வெட் என்னும் கறுப்பினத்தவர் 1946ஆம் ஆண்டில் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் இடம் கேட்டார். அவர் தபாற்காரராகத் தொழில் செய்தவர். அவரைச் சேர்ப்பதை விடுத்து, கறுப்பினத்தவர்க்கெனத் தனிச் சட்டப் பள்ளி ஒன்றையே மாநில அரசு தோற்றுவித்தது. 1950ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எந்த மக்களோடு சட்டம் ஊடாடுகிறதோ அந்த மக்களிடமிருந்து மாணவனைப் பிரித்து வைத்துச் சட்டம் கற்பிக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. ஸ்வெட் சேர்ந்தார். ஆனால் பகைமையும் இடர்களும் அவரை வாட்டின, உடல்நலம் குன்றிற்று, 1952இல் பட்டம் பெறாமலே வெளியேறினார். நீதிமன்றம் கதவைத் திறந்தது. உள்ளிருந்தோர் நெஞ்சம் திறக்கவில்லை. 2003இல் மிச்சிகன் சட்டப் பள்ளி வழக்கில், மாணவர் சேர்க்கையில் இனத்தையும் ஒரு கூறாகக் கருதலாம் என்று அதே உச்சநீதிமன்றம் கூறிற்று. 2023இல் ஹார்வர்டு வழக்கில் அவ்வழியை அடைத்துவிட்டது. பெற்ற இடம் என்றைக்கும் நிலைக்கும் என்று எவரும் உறங்கிவிட முடியாது.

நம் தமிழகத்திலேயே, அம்பேத்கரின் பெயர் தாங்கிய சென்னைச் சட்டக் கல்லூரியில், 2008ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மாணவர்கள் சாதியால் பிரிந்து ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டனர். காவலர் வாயிலில் நின்று பார்த்திருந்தனர். தொலைக்காட்சியில் நாடே கண்டது. நாளை வழக்குரைஞராகவும் நீதிபதியாகவும் அமரவேண்டியவர்கள் கட்டையும் கம்பியும் ஏந்தி நின்றார்கள். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 2018இல் கல்லூரி நகருக்கு வெளியே இருவேறு இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டது. கட்டடத்தை இடம் மாற்றலாம். நெஞ்சில் குடியிருக்கும் சாதியை அதனால் இடம் மாற்ற முடியுமா? அரசியற் சட்டத்தின் 17ஆம் பிரிவைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு, விடுதியில் சாதி பார்த்து உண்பவன் சட்டம் கற்றவனாகான். எந்த விதி எந்தத் துன்பத்தினின்று பிறந்தது என்று அறிந்தவனே கற்றவன். உபாலி தேரரிடம் காசியபர் கேட்ட கேள்வியும் அதுவே.

இங்கே சிலர் நம்மிடம் ஒரு வினா எழுப்புவார்கள். கங்கையும் யமுனையும் கடலிற் கலந்தபின் தம் பெயரை இழப்பதுபோல, சங்கத்திற் சேர்ந்தோர் குலப்பெயரை இழக்கிறார்கள் என்று புத்தர் கூறினாரே. பிறகு பௌத்தராகிய நீங்கள் சாதியைச் சொல்லி இடம் கேட்கலாமா என்பார்கள். நன்று. கடலை அடைந்த ஆறுதான் பெயரை இழக்கும். வழியில் அணையிட்டு ஆற்றைத் தடுத்தவன், கடலில் பெயர் ஏது என்று கேட்பது பொருந்துமா? முதலில் அணையைத் திறக்கட்டும். வகுப்பறையிலே முதல் நாளன்று தர எண்ணைக் கேட்டுச் சாதியை அறிய முயல்வோர் இருக்கும்வரை, சாதி நம்மால் பேசப்படுவது அன்று, நம்மீது சுமத்தப்படுவது. சுமையின் பெயரைச் சொல்லாமல் அதை எவ்வாறு இறக்குவது?

நம் அன்பர்க்கு இதில் தனித்த இடர் ஒன்றும் இருந்தது. 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் திரிசரணம் ஏற்றார். அவரைப் பின்பற்றிப் பௌத்தரானோர், 1950ஆம் ஆண்டின் ஆணைப்படி, பட்டியல் சாதியினர்க்குரிய உரிமைகளை இழக்க நேர்ந்தது. தம்மமா, பிள்ளையின் படிப்பா என்று எத்தனையோ பெற்றோர் நெஞ்சம் பிளந்து நின்றனர். 1990ஆம் ஆண்டில் அவ்வாணை திருத்தப்பட்டு, பௌத்தரான பட்டியல் சாதியினர்க்கும் உரிமை கிடைத்தது. ஆகவே பௌத்தர் என்று எழுதக் கை நடுங்கவேண்டா. உரிமையைப் பயன்படுத்தவும் நாணவேண்டா. பிச்சை கேட்பவன் நாணலாம். தனக்குரியதைப் பெறுபவன் ஏன் நாணவேண்டும்?

உரிமையைப் பெறுவோர்க்குக் கடமையும் உண்டு. பாட்டனார் காலத்தில் கோலார் தங்கவயலில் சுரங்கத்துள் இறங்கி உழைத்த நம் மக்கள், அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழைத் தாங்கினர். அப்பண்டிதர் மறைந்தபின் அவர் நூல்களை அச்சிட்டுப் பரப்பினர். இருளில் உழைத்தவர் அறிவொளிக்குப் பொருள் தந்தனர். அவர்களிலும் வறியவரா நாம்? உபோசத நாளில் விகாரையிலோ ஓர் அன்பர் இல்லத்திலோ கூடுகிறோமன்றோ? அந்நாளில் ஒரு நாழிகை பிள்ளைகள் ஆங்கில நாளிதழை உரக்கப் படிக்கட்டும். அரசியற் சட்டத்தின் ஒரு பிரிவைத் தமிழிலும் கன்னடத்திலும் விளக்கட்டும். நுழைவுத் தேர்வின் கட்டணமும் நூல்களும் ஒரு பிள்ளைக்கேனும் சங்கத்தின் தானமாய் அமையட்டும். சட்டக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைக்குத் திங்கள் ஒருமுறை ஒரு மூத்தவர் கடிதமோ தொலைபேசியோ வழியாக நலம் விசாரிக்கட்டும். இடம் கிடைத்தும் துணையின்றித் திரும்பிய ஸ்வெட்டை மறவாதீர்கள். தனித்து விடப்பட்டவனுக்குச் சரணமாய் நிற்பதே சங்கம்.

முற்பட்ட குலத்திற் பிறந்து இவ்வுரையைப் படிப்போர்க்கும் ஒரு சொல் உண்டு. உபாலிக்கு முதலிடம் தர வேண்டுமென்று கேட்டவர் உபாலி அல்லர், இளவரசர்களே கேட்டார்கள். அவர்கள் எதையும் இழந்துவிடவில்லை. அனுருத்தர் தெய்வக்கண் பெற்றார். ஆனந்தர் தம்மக் களஞ்சியமானார். செருக்கு ஒன்றே கழிந்தது. அது நோய், நோய் நீங்குவது இழப்பாகுமா?

2025ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் பூஷண் இராமகிருஷ்ண கவாய் இந்தியாவின் தலைமை நீதிபதியாகப் பதவியேற்றார். அவ்விருக்கையில் பௌத்தர் ஒருவர் அமர்ந்தது அதுவே முதன்முறை. அவ்வாண்டு அக்டோபர் 6ஆம் நாள் நீதிமன்றத்தினுள்ளேயே வழக்குரைஞர் ஒருவர் அவரை நோக்கிக் காலணியை எறிய முற்பட்டார். சட்டம் பயின்று அங்கி தரித்தவரின் செயல் அது! கவாய் கலங்கவில்லை, சினக்கவுமில்லை, வழக்கைத் தொடருமாறு கூறினார். ஒருவர் சட்டக் கல்வியின் வறுமையைக் காட்டினார். ஒருவர் மனப்பயிற்சியின் வளத்தைக் காட்டினார். நம் பிள்ளைகள் இரண்டையும் பெறவேண்டும்: நூலில் தெளிவு, நெஞ்சில் உபேட்சை. வெறுப்போடு ஏறியவன் உயர்ந்த இருக்கையிலும் தாழ்ந்தே இருப்பான்.

ஆகவே, அன்பர்களே, உங்கள் இல்லத்தில் வாதிடும் பிள்ளை ஒன்று இருந்தால், வாயாடி என்று அதட்டி அடக்காதீர்கள். நியாயம் கேட்கும் அந்நாவே நாளை பலருடைய கண்ணீருக்கு மொழியாகக் கூடும். அதற்கு இடம் தேடிக் கொடுங்கள். இடம் பெற்றபின் துணை நில்லுங்கள். வல்லமை தானே விளையும். இராசகிருகத்தில் அது விளைந்தது, ராமாபுரத்திலும் விளையும்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க! சாது! சாது! சாது!