கல் நடந்த கரை

விடத்தல்தீவு பெயரில்தான் தீவு. மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் வீதியில், பெருநிலத்தோடு ஒட்டியே கிடக்கிறது இந்த மீன்பிடிக் கிராமம். கோட்டை கொத்தளம் தேடி வருபவருக்குக் காட்ட இங்கே எதுவுமில்லை. கண்டல் மரங்கள், நீர் வற்றும்போது தலைகாட்டும் சேற்றுப் பரப்பு, கரையில் ஏற்றிவைத்த வள்ளங்கள், அவ்வளவுதான். ஆனால் 2008 யூலை 16இல் இராணுவம் கைப்பற்றும்வரை இது கடற்புலிகளின் தளம். 2016இல் இதே கரையோரம் 29,180 ஹெக்டேயர் இயற்கை ஒதுக்கிடமானது. எட்டு ஆண்டுக்குள் இடத்தின் கதையே மாறிவிட்டது.

மன்னார்க் கரையைப் பார்க்கப் புறப்படுபவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். இங்கே இடமும் கதையும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்துவிடும். எது போனது, எது தங்கியது என்று கேட்டால்தான் பார்த்த இடம் விளங்கும்.

விடத்தல்தீவிலிருந்து தெற்கே வந்தால் மாந்தை. பழைய மாதோட்டத் துறைமுகம் இதுதான். 1980களில் இங்கே அகழ்ந்தபோது சீனத்து மட்பாண்டங்களும் மேற்காசிய மட்பாண்டங்களும் கிடைத்தன. எத்தனை திசைக் கப்பல்கள் வந்துபோயின என்பதற்கு அந்த ஓடுகளே சாட்சி. துறைமுகத்தோடு சேர்ந்தே இருந்தது திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பாலாவித் தீர்த்தம் இன்றும் பக்கத்தில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்கள்தான் மன்னார்க் கோட்டைச் சுவருக்குப் போயின என்பது வழிவழியாக வரும் பேச்சு. கல் போன பிறகும் தேவாரம் ஓதுவது நிற்கவில்லை. கோயில் இருந்த இடத்தைத் தேடி எடுக்க வேண்டும் என்று 1872இல் ஆறுமுக நாவலர் குரல் கொடுத்தார். 1903இல் குடமுழுக்கு நடந்தது. அண்மைக் காலத்தில் இந்திய அரசின் உதவியோடு கருங்கற்றளியாகவே எழும்பி, 2022இல் மறுபடியும் கும்பாபிஷேகம் கண்டது. இல்லாத கோயிலை முந்நூறு ஆண்டு காத்துவைத்திருந்தது பாட்டு.

தாம்போதியைக் கடந்து மன்னார்த் தீவுக்குள் நுழைந்ததும் கோட்டை. 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. 1795இல் ஆங்கிலேயருக்குப் போனது. மூன்று கொடி பார்த்த சுவர். கோயிலைப் பார்த்துவிட்டு இங்கே வருபவர் சுவரை வேறு கண்ணால்தான் பார்ப்பார்.

அடுத்தது மடு. இங்கே கதையின் போக்கு வேறு. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670இல், மாந்தைக் கத்தோலிக்கர்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். அவர்கள் தங்கிய மருதமடுதான் இன்று ஓகஸ்ட் 15 திருவிழாவுக்கு நாடே திரளும் தலம். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியதும் மாதா மறுபடியும் புறப்பட்டார். இந்த முறை குருமார் கொண்டுபோனது விடத்தல்தீவுக்கும் வடக்கே, இதே கரையிலிருக்கும் தேவன்பிட்டிக்கு. அந்த ஓகஸ்டிலேயே சொரூபம் மடுவுக்குத் திரும்பியது. மாந்தையில் போனது கல், தங்கியது கதை. மடு மாதாவோ போகுமிடமெல்லாம் கதையையும் கூட்டிக்கொண்டு போகிறார்.

மூன்றாவது வகையைப் பார்க்க மன்னாருக்குத் தெற்கே அரிப்புக்குப் போகவேண்டும். கடலைப் பார்த்த மேட்டில் உடைந்து நிற்கிறது ஒரு மாளிகை. ஊரார் அதை அல்லிராணி கோட்டை என்பார்கள். கட்டியவர் இலங்கையின் முதல் ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த். 1801க்கும் 1804க்கும் இடையில், முத்துக்குளிப்பை மேற்பார்வையிடக் கட்டினார். கிட்டப் போய்ப் பாருங்கள்: தூரத்தில் கல்தூணாகத் தெரிந்ததெல்லாம் வெறும் செங்கல். சலவைக்கல் மாதிரித் தோன்றட்டும் என்று மேலே பூசிய வெண்சுதை உதிர்ந்த இடமெல்லாம் செங்கல் பல்லிளிக்கிறது.

ஆளுநர் வீட்டுக்கு அல்லி எப்படி வந்தாள்? அல்லி அரசாணியை முத்துக் கடலின் அரசியாகப் பேசும் கதை இந்தக் கரையில் முன்பே உண்டு. முத்துக்காக ஒரு மாளிகை எழும்பியதும் ஊர் அதில் தன் அரசியைக் குடிவைத்துவிட்டது. நோர்த் 1805இல் நாட்டைவிட்டுப் போனார். அல்லி இன்னும் போகவில்லை. இதைத் தவறென்று திருத்துவதைவிட, முத்து யாருடையது என்பதில் ஊர் சொன்ன தீர்ப்பாக எடுத்துக்கொள்வதே சரி.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அறிவிப்புப் பலகையில் ஆண்டைப் படியுங்கள். பெயரைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். இரண்டும் பொருந்தாத இடத்தில்தான் வரலாறு இருக்கிறது. நாள் குறைவாயிருந்தால் முதலில் அரிப்புக்குப் போங்கள். கோயிலையும் மடுவையும் காக்க ஆளுண்டு. அரிப்பு மாளிகையின் கடற்பக்கத்தை, ஊர்ப்பெயருக்கு ஏற்றபடியே, அலை அரித்துக்கொண்டிருக்கிறது.