வாசலில் இரண்டு டிசையர்

போன தீபாவளிக்கு முன்னால் ஒரு வாரம் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு டிசையர்கள் நின்றன. ஒன்று 2013இல் அப்பா வாங்கிய டீசல் வண்டி. இன்னொன்று, ஜிஎஸ்டி குறைந்ததும் நான் லோன் போட்டு எடுத்த புதுசு. இரண்டும் வெள்ளை. தெருவில் போகிற எல்லோரும் ஒரு நிமிடம் நின்று பார்த்து ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். "பழசுல டிக்கிய வெட்டி ஒட்டுன மாதிரி இருக்கும், இது பரவால்ல." "என்ன இருந்தாலும் டீசல் இழுவை வருமா?" "சன்ரூஃப் இல்லையா? அப்புறம் என்னத்துக்குப் புதுசு?"

அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. விற்கப்போகிற வண்டியின் பானட்டைத் தினமும் காலையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே பெயருள்ள இரண்டு வெர்ஷன்களைப் பார்த்தால் அருகருகே வைத்து, வரிக்கு வரி எது மாறியிருக்கிறது என்று தேடுவோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு அட்டவணைதான் போட நினைத்தேன். அது வேறெங்கோ கொண்டுபோய் விட்டது.

*

முதலில் நீளம். இரண்டும் 3995 மில்லிமீட்டர். நடுவில் ஒரு தலைமுறை வந்து போயிருக்கிறது, ஒரு மில்லிமீட்டர் மாறவில்லை. அகலம் 1695இலிருந்து 1735 ஆகியிருக்கிறது, டிக்கி 316 லிட்டரிலிருந்து 382 ஆகியிருக்கிறது. நீளம் மட்டும் அப்படியே.

காரணம் வரி. 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும்; பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள், டீசல் 1500 சிசிக்குள். 2008இல் வந்த முதல் டிசையரின் நீளம் 4160 மி.மீ. 2012இல் வந்த இரண்டாவதில் 165 மி.மீ. குறைந்தது. எல்லைக்கோட்டுக்கு 5 மி.மீ. உள்ளே வந்து நின்றது. எங்கள் தெரு கிண்டல் செய்யும் அந்த டிக்கியை ஒருவகையில் நிதியமைச்சகம்தான் வடிவமைத்தது. 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆனபோதும் கோடு அதே 4 மீட்டரில்தான் இருந்தது.

இன்ஜினும் அப்படித்தான். இதற்கு முந்தைய டிசையரின் பெட்ரோல் இன்ஜினில் 4 சிலிண்டர், ஏறத்தாழ 90 குதிரைத்திறன். இப்போது 3 சிலிண்டர், ஏறத்தாழ 82. புதுசில் சக்தி குறைவு. பதிலுக்கு மைலேஜ் கூடியிருக்கிறது: மேனுவல் கியரில் நிறுவனம் சொல்லும் கணக்கு லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர்.

ஆக, எதை அளக்கிறோமோ அதற்கேற்ப வண்டி உருவாகிறது. அரசு நீளத்தை அளந்தது, நீளம் அடங்கியது. வாங்குகிற நாம் மைலேஜை அளந்தோம், மைலேஜ் ஏறியது. மோதினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் ரொம்ப நாள் இங்கே யாரும் அளக்கவில்லை.

அளக்க ஆரம்பித்தது 2014இல். குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கும் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. ஆல்டோ, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ என்று முதலில் சோதித்த ஐந்தின் ஏர்பேக் இல்லாத மாடல்களுக்கும் பூஜ்ஜிய நட்சத்திரம். அதே வருடக் கடைசியில் ஏர்பேக் இல்லாத ஸ்விஃப்ட்டுக்கும் பூஜ்ஜியம். அந்த ஸ்விஃப்ட்தான் எங்கள் டிசையரின் அண்ணன். அடுத்த தலைமுறை ஸ்விஃப்ட்டுக்கு 2018இல் 2 நட்சத்திரம். சோதனை கடுமையான பிறகு 2022இல் 1. பிறகு 2024 நவம்பரில் புதிய டிசையர்: பெரியவர்கள் பாதுகாப்பில் 5, குழந்தைகள் பாதுகாப்பில் 4. விலை குறைந்த மாடலிலிருந்தே 6 ஏர்பேக்.

அப்பாவின் வண்டியில் ஒன்றுகூட இல்லை. விலை குறைந்த மாடல். அன்று ஏர்பேக் வேண்டுமென்றால் உச்ச மாடலுக்குப் போக வேண்டும், ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதல். "காத்து அடைச்ச பைக்கு ஒரு லட்சமா?" என்று அப்பா கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. நானும் சிரித்தேன். அப்போது எனக்கு மகள் இல்லை.

*

இங்கேதான் அட்டவணை என்னைக் குடைய ஆரம்பித்தது. 2024இல் புதுசு வந்த அன்று எங்கள் பழைய வண்டியில் எதுவும் மாறவில்லை. அதே இரும்பு, அதே போல்ட்டு. முந்தின நாள்வரை அது எனக்கு நல்ல வண்டி. ஒப்பிட இன்னொன்று வந்ததும் மகளை ஏற்றப் பயப்படும் வண்டி. குறை வண்டியில் இருந்ததா, என் அறியாமையில் இருந்ததா?

"அன்றைக்கு அவ்வளவுதான் தெரியும்" என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் தெரியும். ஐரோப்பாவில் விற்ற அதே தலைமுறை ஸ்விஃப்ட் 2010இல் அங்குள்ள சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது. இரண்டு சோதனைகளும் ஒன்றல்ல, நட்சத்திரத்தை நட்சத்திரத்தோடு அப்படியே வைத்துப் பார்க்க முடியாது. ஆனால் ஏர்பேக் எப்படி வேலை செய்யும் என்பது 2013இல் ரகசியம் இல்லை. நாம் 'பழைய வெர்ஷன்' என்று சொல்லும்போது ஏதோ காலம் செய்த வேலை போல ஒலிக்கிறது. உண்மையில் ஒரு விலைக்கு இவ்வளவு போதும் என்று சிலர் முடிவு செய்தார்கள், நாங்கள் சரி என்று கையெழுத்துப் போட்டோம்.

என் வேலையில் பழைய வெர்ஷனில் ஓட்டை தெரிந்தால் அதற்கும் ஒரு திருத்தம் எழுதி அனுப்புவோம். அனுப்ப முடியாத நாள் வந்தால், இனி இதை நம்பாதீர்கள் என்று தேதி போட்டு அறிவிப்போம். காருக்கு அப்படி இல்லை. பழுது இருந்தால் திரும்ப அழைப்பார்கள். எங்கள் வண்டியில் பழுது எதுவும் இல்லை. வடிவமைத்தபடியே கச்சிதமாக ஓடுகிறது. யார் மேலும் குற்றம் இல்லாத இடத்தில் ஒரு குறை இருக்கிறது. அதை யாரிடம் போய்க் கேட்பது?

*

புதுசு வந்தால் பழசு எங்கே போகும்? டிசையர் விஷயத்தில் இதற்குத் தெளிவான விடை உண்டு. 2017இல் மூன்றாம் தலைமுறை வந்தபோது இரண்டாம் தலைமுறை நிற்கவில்லை. டூர் எஸ் என்ற பெயரில், 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோடு, டாக்சிக்கென்று தொடர்ந்து விற்றது. 2024இல் நான்காம் தலைமுறை வந்தபோதும் மூன்றாவது அதே வழியில் கொஞ்ச நாள் டாக்சியாகத் தொடர்ந்தது. பிறகுதான் டூர் எஸ்ஸும் புதிய உடலுக்கு மாறியது.

வியாபாரமாகப் பார்த்தால் இதில் தப்பு சொல்ல முடியாது. டாக்சிக்காரருக்கு முதல் குறைவாக இருக்க வேண்டும், உதிரி பாகம் எங்கும் கிடைக்க வேண்டும். ஆனால் இதை அப்படியே திருப்பிப் பாருங்கள். என் புது வண்டி ஒரு நாளில் ஒரு மணி நேரம் ரோட்டில் இருக்கும். டாக்சி ஓட்டுகிறவர் 12 மணி நேரம் இருப்பார். ரோட்டில் அதிக நேரம் இருக்கிறவருக்குப் பழைய உடல், குறைந்த நேரம் இருக்கிறவருக்குப் புதிய உடல்.

ஜான் ரால்ஸ் 1971இல் வெளியான தன் 'நீதிக் கோட்பாடு' நூலில் ஒரு கற்பனைச் சோதனையைச் சொல்கிறார். ஒரு சமூகத்தின் விதிகளை எழுதப்போகிறீர்கள். ஆனால் அதில் நீங்கள் யாராகப் பிறப்பீர்கள் என்று தெரியாமல் எழுத வேண்டும். பணக்காரனா, ஏழையா, நோயாளியா எதுவும் தெரியாது. அப்போது எழுதும் விதிதான் நியாயமாக இருக்கும் என்கிறார். கல்லூரியில் படித்தபோது இது நடக்காத காரியம் என்று தோன்றியது. இப்போது வாரத்துக்கு மூன்று முறை நடக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு கேப் புக் பண்ணுகிறேன். ஆப்பில் 'வெள்ளை டிசையர், 4 நிமிடம்' என்று வருகிறது. எந்த டிசையர்? பூஜ்ஜியமா, ஐந்தா? பெயர் ஒன்றுதான். தெரு முனையில் திரும்பும்போது முகப்பு விளக்கைப் பார்த்துத்தான் தெரியும். அந்த 4 நிமிடம் நான் ரால்ஸின் திரைக்குப் பின்னால் நிற்கிறேன். அந்த நேரத்தில் என்னிடம் கேட்டால், எல்லா டிசையரும் ஒரே மாதிரி இருக்கட்டும், சன்ரூஃபை எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். என் வீட்டுக் கார் சாவி கையில் இருக்கும்போது அப்படிச் சொல்வேனா, தெரியவில்லை.

*

இது யோசனையாக இருந்தவரை சுகமாகத்தான் இருந்தது. தெருக்கோடி டிரைவர் அண்ணன் வந்து கேட்டதும் சிக்கல் ஆகிவிட்டது. அவர் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். "தம்பி, ஷோரூம்ல எக்ஸ்சேஞ்சுக்கு எவ்வளவு சொன்னாங்க? அதையே நான் தர்றேன். வண்டி எனக்குத் தெரிஞ்ச வண்டி, அப்பா கைல இருந்தது." ஆர்சி 2028 வரை இருக்கிறது. கேட்டது சொந்த உபயோகத்துக்கு.

நான் உடனே பதில் சொல்லவில்லை. என் மகளுக்கு ஆகாது என்று நான் விலக்கும் வண்டியில் அவர் மகள் உட்காரப்போகிறாள். இரண்டு பேரும் ஒரே பள்ளி வேனில் போகிறவர்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். யாருமே அதில் போக வேண்டாம். அது சுத்தமான முடிவாகத் தெரிந்தது.

அப்பாவிடம் சொன்னேன். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "அவன் இப்ப எதுல போறான்?"

பைக்கில். முன்னால் டேங்கில் பையன், பின்னால் மனைவி, நடுவில் மகள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். அப்பா அதற்கு மேல் பேசவில்லை. பேச வேண்டியதும் இல்லை. நான் வளர்ந்தது ஒரு பழைய ஸ்கூட்டரில், அப்பாவின் இரண்டு கைகளுக்கு நடுவே, ஹேண்டில்பாரைப் பிடித்து நின்றுகொண்டு. 2013இல் அப்பா வாங்கியது மலிவான மாடல் இல்லை. ஸ்கூட்டரிலிருந்து இறங்கி வந்த ஒரு வீடு. ரத்தன் டாடாவும் ஸ்கூட்டரில் நெருக்கியடித்துப் போகும் குடும்பங்களைப் பார்த்துத்தான் நானோவை யோசித்ததாகச் சொன்னார். அதே நானோ 2014 சோதனையில் பூஜ்ஜியம் வாங்கியது. இரண்டும் உண்மை. ஒன்று இன்னொன்றை அழிப்பதில்லை.

'பைக்கைவிட இது மேல்' என்ற வாதத்தில்தான் ரொம்ப நாள் தடுக்கி நின்றேன். அது பொய் இல்லை. ஆனால் அதே வாதத்தை வைத்துத்தான் எந்தக் குறைந்த தரத்தையும் விற்க முடியும். இவர்களுக்கு இது போதும், இதற்கு முன் இதுகூட இல்லையே என்று. உணவில், வீட்டில், ஆஸ்பத்திரியில் எல்லா இடத்திலும் இந்தக் குரல் கேட்கும். கடைசியில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: வாக்கியம் ஒன்றுதான், ஆனால் அதை யார் சொல்கிறார்கள் என்பதில் அதன் நியாயம் மாறுகிறது. பைக்கைவிட இது மேல் என்று வாங்குகிறவர் சொன்னால் அது அவருடைய கணக்கு, அதில் மரியாதை இருக்கிறது. விற்கிற நான் சொன்னால் அது சாக்கு. விற்பவனுக்கு உரிய வேலை வேறு. தனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்வது, தன்னால் சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்வது.

அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஏர்பேக் இல்லை, இந்தத் தலைமுறை ஸ்விஃப்ட்டுக்குப் பூஜ்ஜியம் கொடுத்தார்கள், அதனால்தான் நான் மாற்றுகிறேன். போனில் சோதனை வீடியோவையும் காட்டினேன். முழுசாகப் பார்த்தார். பிறகு, "தெரியும் தம்பி. என் பைக்ல மட்டும் இருக்கா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா சொன்னீங்க பாருங்க, அது சரி" என்றார். விலையில் பத்தாயிரம் குறைத்துக் கேட்டார். குறைத்தேன்.

*

வண்டியைக் கொடுப்பதற்கு முந்தின நாள் உள்ளே சுத்தம் செய்தேன். பின் சீட்டில் பெல்ட்டைச் செருகும் லாக்குகளைத் தேடினால் காணவில்லை. 2013இல் வண்டி வந்த முதல் வாரமே அப்பா ரெக்சின் சீட் கவர் போட்டார். கவர் தைத்தவர் லாக்குகளை உள்ளே தள்ளித் தைத்துவிட்டார். 12 வருடம் யாரும் கேட்கவில்லை. அந்த சீட்டில்தான் மனைவி கர்ப்பமாக இருந்தபோது உட்கார்ந்தாள். பிறகு மகள், பாட்டி மடியில். 2022 செப்டம்பரில் சைரஸ் மிஸ்திரி விலை உயர்ந்த காரின் பின் சீட்டில் பெல்ட் போடாமல் இறந்தார் என்ற செய்தியை நான் இதே வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து போனில் படித்தேன் என்று நினைக்கிறேன். அப்போதும் கையை விட்டுத் தேடவில்லை.

நிறுவனம் வைக்காததைப் பற்றி இத்தனை பக்கம் யோசித்தவன், வைத்ததை நாங்களே தைத்து மூடியதை யோசிக்கவில்லை.

பிளேடால் கவரைக் கீறி லாக்குகளை வெளியே எடுத்தேன். துரு இல்லை. செருகினால் புதுசு போல 'டக்' என்றது. ஓரத்தை அம்மா ஊசியால் தைத்துக் கொடுத்தார். மறுநாள் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். அவர் மகள் பின்னால் ஏறியதும் நானே பெல்ட்டை எப்படிப் போடுவது என்று காட்டினேன். அவள் மூன்று முறை போட்டு எடுத்துப் பார்த்தாள்.

வண்டி தெரு முனையில் திரும்பும்வரை அப்பா வாசலில் நின்றார். உள்ளே வந்து, புது வண்டியின் பின் கதவைத் திறந்து, சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுக்குக் கவர் போடலையா?"

"போடலாம்ப்பா. நான் பக்கத்துல நின்னு தைக்கச் சொல்றேன்."