இந்த ஓடு யாருடையது?

பழம்பொருள் ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டதும் நம்மிடையே முதலில் எழும் வினா, "இஃது யாருடையது?" என்பதாகும். எங்கே செய்யப்பட்டது, எவ்வாறு செய்யப்பட்டது என்னும் வினாக்கள் பின்னரே எழுகின்றன. பல வேளைகளில் எழாமலே போய்விடுகின்றன. இவ்வரிசையை மாற்ற வேண்டியது அறிவின் தேவை மட்டுமன்று, அறத்தின் தேவையுமாகும் என்பதே நமது கருத்து. கந்தரோடையின் மட்பாண்ட ஓடுகளைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

சுன்னாகத்துக்கு அண்மையிலுள்ள கந்தரோடை, யாழ்ப்பாணக் குடாநாட்டின் மிகப் பழைய குடியிருப்புகளுள் ஒன்று. போல் பீரிஸ் 1910களின் பிற்பகுதியில் அங்கு ஆய்வு நடத்தினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தார் அகழ்ந்தனர். அங்கே கிடைத்த ஓடுகளுள் இருவகை நமது கவனத்துக்குரியவை. ஒன்று, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான மட்பாண்டம். களிமண்ணிலுள்ள இரும்பு, சூளையிற் காற்றுப் பட்ட பக்கத்திற் சிவக்கும். காற்றுப் படாத பக்கத்திற் கறுக்கும். மற்றையது ரௌலட் மட்பாண்டம் எனப்படுவது. மெல்லிய சாம்பல்நிறத் தட்டு. உட்புற அடியிலே பற்சில்லு உருண்ட புள்ளி வளையங்கள். தட்டினால் உலோகம் போல ஒலிக்கும்.

இந்த ரௌலட் தட்டின் பிறப்பிடம் பற்றிய தீர்ப்பு மாறிவந்த வரலாறு படிப்பினை மிக்கது. 1945இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்த மோட்டிமர் வீலர், இதனை மத்தியதரைக் கடற் பிரதேசத்து இறக்குமதியென்று கருதினார். இத்தாலியக் கலங்களும் மதுச்சாடிகளும் அங்கு உடன் கிடைத்தமையால் அம்முடிவுக்கு ஆதாரம் இல்லாமலில்லை. ஆயினும், நேர்த்தியான பொருள் மேற்கிலிருந்தே வந்திருக்கும் என்ற குடியேற்றக் காலத்து மனப்பாங்கு அம்முடிவு நிலைபெற உதவியது என்பதை மறுத்தல் அரிது. 1988இல் விமலா பெக்லி, தட்டின் வடிவத்தையும் வேலைப்பாட்டையும் நுணுகி ஆராய்ந்து, இது இந்தியக் குயவரின் கைவேலையே என வாதிட்டார். 1997இல் வெளிவந்த கோக்டேயின் எக்ஸ்-கதிர் ஆய்வு, அதன் களிமண்ணை வங்காளத்தின் தாம்லுக், சந்திரகேதுகர் பிரதேசத்தோடு தொடர்புபடுத்தியது. அநுராதபுரம், அரிக்கமேடு முதலிய இடங்களின் ஓடுகள் ஒரே நிலவியல் மூலத்தைக் காட்டுவதாக 2005ஆம் ஆண்டின் வேதியியல் ஆய்வு கூறிற்று.

இம்முடிவுகளை நோக்குமிடத்து, நம்மவர் பெருமைக்கு உகந்த விடை கிடைத்துவிடவில்லை என்பது புலனாகும். அத்தட்டு உரோமருடையதன்று, ஆயின் அதற்காக அது யாழ்ப்பாணத்து மண்ணாகிவிடவும் இல்லை. வீலரின் முடிவு மறுக்கப்பட்டதும் மகிழ்ந்து, அடுத்த பக்கத்தை மாணவருக்குக் காட்டாது புத்தகத்தை மூடிவிடும் ஆசிரியர், அவர் விட்ட பிழையையே மறுபுறமிருந்து செய்கின்றார்.

மண் எங்கிருந்து வந்தது, தொழில்நுட்பம் எங்கிருந்து வந்தது, பயன்படுத்தியவர் யாவர் என்பன மூன்று தனித்தனி வினாக்கள். அல்லைப்பிட்டியில் 1977இல் ஜோன் காஸ்வெல் ஆராய்ந்த ஓடுகள் சீனத்துச் சொங் காலத்தவை. அதனால் அல்லைப்பிட்டி சீனருடைய ஊர் என்று எவரும் சொல்வதில்லை. வணிகம் நடந்தது என்றே சொல்கின்றோம். அந்த நிதானம் கந்தரோடைக்கு வந்ததும் நம்மைவிட்டு ஏன் அகல்கின்றது? பௌத்தச் சின்னம் கண்டதும் ஒருசாரார் அதனைச் சிங்களவருடையது என்கின்றனர். மணிமேகலை தமிழில் எழுந்த பௌத்த காப்பியம் என்பதை மறந்துவிடுகின்றனர். மறுசாராரோ ஒவ்வோர் ஓட்டையும் தமிழ்க் குருதிக்குச் சான்றாக்க முனைகின்றனர். சுட்ட மண்ணுக்கு இனம் இல்லை.

"எதிர்த்தரப்பு ஓட்டை ஆயுதமாக ஏந்தும்போது நாம் மட்டும் வெறுங்கையராய் நிற்பதா?" என்று நண்பர்கள் கேட்கின்றனர். வினா நியாயமானதே. பொய்யுரிமை கோரப்படும்போது ஆதாரங்கொண்டு அதனை மறுத்தல் கடமை. ஆனைக்கோட்டையில் 1980இல் பெருங்கற்காலப் புதைகுழியிற் கிடைத்த, பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை போன்ற சான்றுகளை நேர்மையாக எடுத்துரைத்தலும் கடமையே. ஆனால், உழுகின்றவனுக்கு அவன் நிலத்தின்மீதுள்ள உரிமை, ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய ஓட்டிலே தங்கியிருக்கின்றதென நாம் ஒருமுறை ஒப்புக்கொள்வோமாயின், அடுத்த அகழ்குழியிலே அவ்வுரிமை பறிபோகவுங் கூடும். வாழ்கின்ற மனிதனின் உரிமைக்கு அவனது உழைப்பும் வாழ்வுமே போதிய ஆதாரம்.

இப்பூசலில் முற்றாக மறக்கப்பட்டவன் ஒருவன் உளன். கிள்ளிவளவன் இறந்தபோது அவனுக்கேற்ற பெரிய தாழியை உன்னால் வனைய முடியுமா எனக் குயவனை வினவும் பாடல் ஒன்று புறநானூற்றில் உண்டு. அரசனின் பெயர் தெரியும். பாடிய ஐயூர் முடவனாரின் பெயரும் தெரியும். வனைய வேண்டியவனுக்குப் பெயரில்லை. நமது சமூகமும் புதுப்பானையிற் பொங்கலிட்டு மகிழ்ந்தது. அப்பானையை வனைந்தவனைச் சாதிப் படிநிலையில் தனக்குக் கீழே வைத்தது. பழைய ஓட்டுக்காக மார்தட்டுவோர், அத்தொழிலைச் செய்துவந்த மக்களைத் தாம் எவ்வாறு நடத்தினர் என்பதற்கும் விடைகூறக் கடமைப்பட்டவர்கள்.

ஆகவே, மாணவன் ஒருவன் வயற்கரையிலே கண்டெடுத்த ஓட்டைக் கொண்டுவந்து, "இது எங்களுடையதா, சேர்?" என்று கேட்பானாயின், ஆம் என்றோ இல்லை என்றோ அவசரப்பட வேண்டியதில்லை. அதன் விளிம்பைப் பார்க்கச் சொல்வோம். உடைந்த முகத்தின் நிறத்தை நோக்கச் சொல்வோம். எந்த மண், எந்தச் சூளை, எந்தக் கடல்வழி என்று கேட்கப் பழக்குவோம். வங்காளத்துக் களிமண் கந்தரோடைக்கு வந்துசேர்ந்த கதையிலே குயவனும் கப்பலோட்டியும் சுமைதூக்கியும் இருக்கின்றனர். அவர்களைத் தேடும் பழக்கம் மாணவனிடம் வேரூன்றுமாயின், ஓட்டைக் காட்டி அவனை எவரும் அயலவனுக்கெதிராகத் திருப்பிவிடுதல் எளிதன்று.