பண்டிகை அடுப்பும் பிறர் சுமையும்

தீபாவளியன்று அடுப்புக்குக் கணக்குப் பார்ப்பது உலோபத்தனம் என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பேராக் தோட்ட லயங்களில் பால் வற்றிய ரப்பர் மரம் விறகாயிருந்த காலத்தில், அதைச் சுமந்த தாய்மார் ஒவ்வொரு கட்டையின் விலையையும் அறிந்திருந்தனர். இன்று ஈப்போ வீடுகளில் விசையைத் தட்டினால் மின்னடுப்பு கனல்கிறது. சுமை ஒழிந்ததா? இல்லை, பிறர் தலைக்கு மாறிற்று. நம் மின்சாரத்தில் ஒரு பங்கைத் தரும் தெமெங்கோர் அணை 1970-களில் எழுந்தபோது, உலு பேராக்கின் ஒராங் அஸ்லி மக்கள் தம் மண்ணை இழந்தனர்.

கொதிக்கும் நீரின் சூடு சுமார் 100 பாகையே. அனலைக் கூட்டினால் ஆவிதான் மிகும், கறி விரைந்து வேகாது. ஆதலின் கொதி வந்தபின் மூடியிட்டு அனலைத் தணிப்போமாக. விருந்தைக் குறைக்க வேண்டுவதில்லை. விருந்தினர் வாய்க்கு எட்டாத வெப்பம் உபசாரமாகாது; அயலார் இழப்பின்மேல் நாம் செய்யும் வீண்செலவே ஆகும்.