பொதுக்கூரையை வேய்வது யார்?

தென் ஆப்பிரிக்கா, நமீபியா, போட்சுவானா நாடுகளில் பரந்து கிடக்கும் கலஹாரி வறள்நிலத்தில், முள்மரக் கிளைகளில் வைக்கோற்போர் ஏறியமர்ந்தாற்போன்ற காட்சியைக் காணலாம். அருகே சென்றால் அது குருவிகளின் குடியிருப்பு. மேலே சுள்ளிகளாலான ஒரே கூரை. அடியில் கீழ்நோக்கிய வாயில்களுடன் தனித்தனி அறைகள். சில கூடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட பறவைகள் வாழ்கின்றன. தலைமுறை தலைமுறையாக அதே கூடு பயன்படுகிறது.

இக்குருவியை இனங்காண்பது எளிது. ஏறத்தாழ 14 செ.மீ. நீளம், பழுப்பு உடல், கறுத்த மோவாய், முதுகில் செதில் போன்ற வரிகள். ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே தோன்றும். நம் பனைமரங்களில் வாழும் தூக்கணாங்குருவிக்கு இது உறவு. ஆயினும், நம் குருவிகள் கூட்டமாகக் குடியேறினாலும் அவற்றின் கூடுகள் தனித்தனியே தொங்குகின்றன; அங்கோ கூரை பொது. தோழமையை நாடும் தோழன் என்னும் பொருள்படவே இதன் அறிவியற்பெயர் அமைந்துள்ளது.

அக்கூரை கோடையின் கொடுமையையும் குளிரிரவின் கடுமையையும் தணிக்கிறது. ஆனால் இடையறாது பழுதுபார்க்காவிடில் அது நிலைக்காது. வேயாத குருவியும் அதே நிழலைப் பெறுகிறது. அப்படியானால் உழைப்பது யார்?

குருவிகளின் தன்னலமற்ற அன்பைப் புகழ்ந்து கட்டுரையை முடித்துவிட நமக்கும் ஆசைதான். ஆனால் 2014-இல் வெளியான ஓர் ஆய்வு நம்மைத் தடுக்கிறது. கூரை வேயும் பறவைகள் பெரும்பாலும் தம் இரத்த உறவினர் அண்டையில் வாழும் பறவைகளே என்று அது காட்டியது. பொதுப்பணியாய்த் தோன்றியது, உறவுப்பற்றில் வேர்கொண்டிருந்தது.

இதற்காகக் குருவியைப் பழிப்பது தகாது; அதற்குத் தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லை. நமக்கோ உண்டு. நம் ஊர்க் குளத்தைத் தூர்வாரவும், பங்கின் பொதுமண்டபத்தைச் செப்பனிடவும் அழைப்பு வரும்போது, நம்முள் எழும் முதல் கேள்வி என்ன? நம் தெருவுக்கு, நம் சாதிக்கு, நம் குடும்பத்துக்கு என்ன பயன் என்பதுதானே!

தன் பிள்ளைக்காக உழைப்பது நல்லதே. அது இயற்கை நமக்கு இட்ட அடித்தளம். எனினும் அடித்தளமே வீடாகிவிடாது. அயலான் யார் என்று வினவிய சட்ட அறிஞருக்கு, வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனுக்கு இரங்கிய சமாரியனையே ஆண்டவர் சுட்டிக்காட்டினார். அவர்கள் இருவரிடையே இரத்த உறவு இல்லை, பகைமையே இருந்தது.

உறவின் எல்லையில் குருவியின் உழைப்பு நின்றுவிடலாம். அந்த எல்லைக்கு அப்பால் நாம் செருகும் முதல் சுள்ளியில்தான் பிறரன்பு தொடங்குகிறது.