சண்டைக்காரனே சம்பந்தியானால்...

வரப்புத் தகராறு கோர்ட்டுக்குப் போய், வாய்தா வாய்தாவாக இழுத்து, கடைசியில் இந்த வீட்டுப் பெண்ணை அந்த வீட்டுப் பையனுக்குக் கட்டிக்கொடுத்து முடிந்த கதைகளைக் கேட்டிருப்பீர்கள். கம்பெனிகளுக்குள்ளும் இப்படி நடக்குமா?

நடந்திருக்கிறது. 1997 ஆகஸ்ட். பாஸ்டன் நகரில் ஆப்பிள் ரசிகர்கள் கூடியிருந்த அரங்கம். மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ். அவருக்குப் பின்னால் பிரமாண்டமான திரையில் பில் கேட்ஸின் முகம்! கூட்டத்தில் ஒரே ஊளை. பேட்டன்ட் சண்டையை முடித்துக்கொண்டு, ஓட்டுரிமை இல்லாத ஷேராக 15 கோடி டாலரை ஆப்பிளில் போட்டது மைக்ரோசாஃப்ட். மேக் கம்ப்யூட்டருக்கு ஐந்து வருஷம் ஆஃபீஸ் மென்பொருள் தருவதாகவும் வாக்குக் கொடுத்தது. அன்று ஒரே நாளில் ஆப்பிள் ஷேர் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஏறியது. ஊளையிட்டவர்களில் எத்தனை பேர் ஷேர் வைத்திருந்தார்களோ, தெரியாது.

பேட்டன்ட் கேஸ் நடத்தும் குட்டிக் கம்பெனிகளில் பணம் போட்டவர்களுக்கு இந்த மாதிரிக் கதைதான் தாலாட்டு.

விர்நெட்எக்ஸ் என்று அமெரிக்காவின் நெவாடாவில் ஒரு கம்பெனி. இணையத்தில் ரகசியமாகப் பேச வழிசெய்யும் பேட்டன்ட்கள்தான் அதன் பெரிய சொத்து. 2010-ல் மைக்ரோசாஃப்ட் 20 கோடி டாலர் கொடுத்து சமாதானமாகப் போனது. அப்புறம் ஆப்பிள். ஃபேஸ்டைமில் எங்கள் சரக்கு இருக்கிறது என்று கேஸ். 2012-ல் டெக்ஸாஸ் ஜூரி 36.8 கோடி டாலர் கொடு என்றது. அப்பீல், மறுவிசாரணை, மறுபடி அப்பீல்.

சின்ன முதலீட்டாளரின் கனவு பணத்தோடு நிற்காது. "பாருங்க சார், ஒருநாள் ஆப்பிளே கூப்பிட்டு கைகுலுக்கும். ஒவ்வொரு ஃபோன்லயும் நம்ம டெக்னாலஜி!" அந்த 'நம்ம'வைக் கவனியுங்கள். ஷேரை வாங்கியது போன மாசம்.

உங்களை ஒன்று கேட்கிறேன். விர்நெட்எக்ஸில் உங்களுக்கு நூறு ஷேர் இருந்தால் என்ன சொல்வீர்கள்? "சின்னவன் மூளையைத் திருடிட்டு இழுத்தடிக்கிறாங்க." அதே நூறு ஷேர் ஆப்பிளில் இருந்தால்? "காகிதத்தை வச்சுக்கிட்டு மிரட்டிக் காசு பறிக்கிறாங்க." இரண்டையும் நீங்கள் மனசாரத்தான் சொல்வீர்கள். ஷேரோடு சேர்த்துக் கோபத்தையும் வாங்கிவிடுகிறோம். ராப்பகலாக உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்த இன்ஜினீயருக்கு வரவேண்டிய கோபம் அது.

சரி, திருடன் என்று திட்டிய வாயாலேயே சம்பந்தியாக வா என்று கூப்பிடுவது தப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1997-ல் கைகுலுக்கியவர்களும் பாசத்தால் குலுக்கவில்லை. ஆப்பிள் மூழ்கிக்கொண்டிருந்தது, ஏகபோகம் என்ற புகாரில் சிக்கியிருந்த மைக்ரோசாஃப்டுக்கு ஒரு போட்டியாளர் உயிரோடு இருப்பது சௌகரியம். இருவருக்கும் மற்றவரிடம் ஏதோ தேவைப்பட்டது. விர்நெட்எக்ஸிடம் ஆப்பிளுக்கு என்ன தேவை? கேஸ் ஒழியவேண்டும், அவ்வளவுதான். அதற்கு வக்கீல் போதும்.

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். நம்பிக்கை தனியாக இருக்காது, கூட்டாளி தேடும். தீர்ப்பு தள்ளிப்போனால், "உள்ளுக்குள்ள பேச்சுவார்த்தை நடக்குது" என்று மச்சானிடம் சொல்வோம். மச்சானும் நூறு ஷேர் வாங்குவார். நாம் சொன்னது பொய்யா? இல்லை, நிஜமாகவே நம்பினோம். ஆனால் மச்சான் வாங்கினால் விலை ஏறும் என்ற கணக்கு நமக்குள் எந்த மூலையில் உட்கார்ந்திருந்தது?

கனவு முழுக்கப் பொய்த்தது என்றும் சொல்லமுடியாது. 2020 மார்ச்சில் ஆப்பிள் 45.4 கோடி டாலரைக் கட்டியது. ஷேருக்கு ஒரு டாலர் சிறப்பு டிவிடெண்ட் வந்தது. அதே வருஷம் அக்டோபரில் இன்னொரு கேஸில், இன்னொரு ஜூரி, 50.28 கோடி. மச்சான் வாங்கியது அந்த வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டன்ட்களே செல்லாது என்று ஆனதால் 2023 மார்ச்சில் அப்பீல் கோர்ட் அதைத் தூக்கிப்போட்டது. அந்த வருஷமே கம்பெனி இருபது ஷேரை ஒன்றாக்கியது. 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கேஸை எடுக்க மறுத்துவிட்டது. ஆப்பிள் கடைசிவரை சம்பந்தம் பேச வரவே இல்லை.

மச்சானிடம் இப்போது ஐந்து ஷேர் இருக்கிறது. பொங்கலுக்கு வீட்டுக்கு வருவார். அவரிடம் என்ன சொல்வீர்கள்?